மன்னார் வளைகுடாவிலிருந்து ஆர்பிஜி இதழுக்கு: வாசகர் படைப்பு எழுதி அனுப்ப முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ மண்டபத்திலோ நாலைந்து நண்பர்களோடு உட்கார்ந்து பகடை உருட்டி ரோல்பிளேயிங் கேம் (பாத்திரமேற்று ஆடும் ஆட்டம், சுருக்கமாக ஆர்பிஜி) ஆடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேம் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, இருந்து ஊர், அரக்கன், கொள்ளைக்கூட்டம் என்று நோட்டுப் புத்தகத்தை நிரப்பி வைத்திருப்பீர்கள். அதில் ஏதோ ஒன்றை வெளிநாட்டு ஆர்பிஜி இதழுக்கு அனுப்பலாம். எதை அனுப்புவது, எப்படி எழுதுவது, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம் என்பதுதான் இங்கே விஷயம். ஆட்டம் ஆடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை ஒருநாளும் பார்த்திராத ஒரு கேம் மாஸ்டர், இன்று சாயங்காலம் படித்துவிட்டு இரவே மேசையில் போட்டு ஆடக்கூடிய சரக்குதான் இதழாசிரியருக்கு வேண்டும். மற்ற எல்லாப் படிகளும் இதிலிருந்தே வருகின்றன.

வாசகர் எழுத்துக்கு மதிப்பு உண்டா?

இந்தப் பொழுதுபோக்கை வளர்த்ததே வாசகர்கள்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற ஆட்டம் 1974-இல் வந்தது. அடுத்த வருடமே லீ கோல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் எழுதி அனுப்பியதைத் தொகுத்து அவர்களுக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. 2025 வரை நடந்தது. 1976-இல் ‘டிராகன்’, 1977-இல் இங்கிலாந்தில் ‘வைட் டுவார்ஃப்’, 1986-இல் ‘டன்ஜன்’ வந்தன. எல்லாமே வாசகர் கையெழுத்துப் பிரதிகளை நம்பி நடந்த இதழ்கள்.

வைட் டுவார்ஃபில் வாசகர்கள் உருவாக்கிய அரக்கர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. பின்னாளில் அறிவியல் புனைகதை எழுத்தாளரான சார்லஸ் ஸ்ட்ராஸ், பள்ளிப் பருவத்தில் அதற்கு அனுப்பிய ஒரு இனத்தின் பெயர் கித்யாங்கி. 1981-இல் டி அண்ட் டி அரக்கர் தொகுப்பு நூலில் சேர்ந்தது. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி ஆட்டத்தில் முக்கியப் பாத்திரம் ஒன்று அந்த இனம்தான். ஒரு பள்ளிப் பையன் தபாலில் அனுப்பிய சமாச்சாரம் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. அந்த இனம் இன்று யாருக்குச் சொந்தம் என்பது தனிக் கேள்வி.

படி 1: இதழைத் தேர்ந்தெடுங்கள், பழைய இதழ்களைப் படியுங்கள்

டிராகன், டன்ஜன் இரண்டும் 2007-இல் அச்சில் நின்றுவிட்டன. இன்று இருப்பவை பெரும்பாலும் சின்ன இதழ்கள்: பிடிஎஃப்பாக வருபவை, கூட்டுநிதி திரட்டி அச்சடிப்பவை, ரசிகர்கள் இலவசமாக நடத்துபவை. 1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்துக்கு, ரசிகர்கள் நடத்தும் ‘ஃப்ரீலான்ஸ் டிராவலர்’ என்ற இலவச இதழ் உண்டு. முதல் முயற்சிக்கு இந்த மாதிரி ரசிகர் இதழ்தான் நல்லது. பணம் வராது. ஆனால் ஆசிரியர் உங்கள் எழுத்தை வரி வரியாகப் பார்ப்பார், பதிலும் போடுவார்.

குறைந்தது மூன்று பழைய இதழ்களையாவது முழுசாகப் படியுங்கள். எந்த ஆட்டத்தின் விதிகளைப் பயன்படுத்துகிறார்கள், ஒரு படைப்பு எத்தனை பக்கம், வரைபடம் கேட்கிறார்களா, வரலாற்றுக் குறிப்பு பிடிக்குமா, சிரிப்பு பிடிக்குமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் படைப்பாளர் விதிமுறைப் பக்கம். சொல் வரம்பு, கோப்பு வகை, அடுத்த இதழின் கருப்பொருள் எல்லாம் அங்கே இருக்கும். செயற்கை நுண்ணறிவு எழுதிய சரக்கு வேண்டாம் என்று இப்போது பல இதழ்கள் வெளிப்படையாகவே போடுகின்றன. அதை மதியுங்கள்.

படி 2: சின்னதாக எடுங்கள்

மூன்று வருடமாக ஓடும் உங்கள் ஆட்டத்தின் முழுக்கதை வேண்டாம். உங்கள் குழுவின் வீரன் எப்படி ராஜாவானான் என்பது உங்களுக்குத்தான் ருசி. ஒரு இடம், ஒரு அரக்கன், ஒரு தற்செயல் அட்டவணை, நாலு மணி நேரத்தில் முடியும் ஒரு சாகசம், கடை வைத்திருக்கும் ஒரு விசித்திர ஆள்: இதில் ஒன்று போதும். ஆயிரம் சொல்லுக்குள் முடிந்தால் ஆசிரியருக்கு மீதமிருக்கும் இரண்டு பக்கத்தில் சட்டென்று பொருத்த முடியும். புதியவர் அனுப்பும் இருபது பக்கச் சாகசத்துக்கு இடம் ஒதுக்க யாருக்கும் துணிச்சல் வராது.

படி 3: சரக்கு எங்கே கிடைக்கும்?

ஐரோப்பியக் கோட்டையும் பனிமலையும் எழுத அங்கேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் கரையை எழுத ஆள் குறைவு. அதற்காக ‘கவர்ச்சியான கிழக்கு’ என்று பொட்டலம் கட்ட வேண்டாம். இங்கே விஷயங்கள் எப்படி நடக்கின்றன என்பதை ஆட்ட விதியாக மாற்றினாலே போதும்.

மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடுங்கிய நிலத்துண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்த வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாவின் தென்கடல். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் தலைகீழ். படகுகளைப் பருவத்துக்குப் பருவம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றுகிறார்கள். இதை அப்படியே ஆட்டமாக்கலாம். இரண்டு கடல், நடுவில் ஒரு கிராமம், மாதத்துக்கு ஒருமுறை காற்றுக்குப் பகடை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து வியாபாரி, கடத்தல்காரன், அரக்கன் மட்டும் கரையேற முடியும். காற்று திரும்பும் வாரத்தில் ஊரே படகு இழுக்கும், காவல் இருக்காது. அந்த வாரம்தான் சாகசம்.

தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். தண்ணீர் கணக்குப் பார்த்து ஆடும் ஆட்டத்துக்கு இது பொன்: ஆழமாகத் தோண்டினால் உப்பு, மேலோட்டமாகத் தோண்டினால் ஒரு குடம்தான். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. பழைய வரைபடத்தில் இருபத்தொன்று, படகிலிருந்து எண்ணினால் பத்தொன்பது. இதற்கு மேல் கற்பனை கூடத் தேவையில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது முத்துக்குளித்தல். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் பெரிய அளவில் கடைசியாக நடந்தது 1961-இல். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சடக்கி, பாரில், அதாவது கடலடித் திட்டில், கிடக்கும் சிப்பியை அள்ளி வருவார்கள். சிப்பியை உடனே திறப்பதில்லை. குவியலாக அழுகவிட்டு, கழுவி, அப்புறம்தான் முத்து தேடுவார்கள். அழுகும் முன்பே, திறக்காத சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவதும் வழக்கம். வாங்குகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பகடை உருட்டுவதற்கென்றே அமைந்த சந்தை!

அதோடு சுறாவைக் கட்டும் மந்திரக்காரர்கள். கடல்கட்டி என்று அவர்களைச் சொல்வார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், அப்போதுதான் திருட்டுத்தனமாக யாரும் குளிக்க மாட்டார்கள். காவலுக்குச் சுறாவையே வைத்த ஏற்பாடு. எந்த ஆட்டத்திலும் இவ்வளவு அழகான கதாபாத்திரத்தை நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு எல்லையும் உண்டு. ஏர்வாடி தர்காவையோ தேவிபட்டினம் நவபாஷாணத்தையோ ராமேஸ்வரம் கோயிலையோ அரக்கர் குகையாக்காதீர்கள். அங்கே நாளைக் காலையும் ஜனங்கள் வேண்டுதலோடு வருவார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் போனவர்களைப் பேய்களாக்கி ஆடவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களின் பிள்ளைகள் பாம்பனில் இருக்கிறார்கள். கற்பனை ஊர், கற்பனைத் தெய்வம், கற்பனைப் புயல் என்று பெயர் மாற்றி, காற்றையும் மணலையும் வேலைமுறையையும் மட்டும் நிஜத்திலிருந்து எடுத்தால் சங்கடம் இல்லை.

படி 4: கேம் மாஸ்டருக்காக எழுதுங்கள்

பெரும்பாலான படைப்புகள் தோற்பது இங்கேதான். முதல் வரைவில் நாம் இப்படி எழுதுவோம்:

‘பல நூறாண்டுகளுக்கு முன் முத்தரசர்கள் ஆண்ட இந்தக் கரையில், பேராசையால் ஒரு குலம் அழிந்தது. அதன் சாபம் இன்றும் அலைகளில் ஒலிக்கிறது…’

படிக்க நன்றாக இருக்கலாம். மேசையில் உட்கார்ந்திருக்கும் கேம் மாஸ்டர் இதை வைத்து என்ன செய்வார்? ஆட்டக்காரர்கள் தொடவும் கேட்கவும் திருடவும் எதுவும் இல்லை. அதே இடத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

‘சிப்பிக் கொட்டகை. பனையோலைக் கூரை, கடற்பக்கம் திறப்பு. உள்ளே ஒன்பது குவியல், ஒவ்வொன்றிலும் வாங்கியவரின் துணிக்கொடி. நாற்றம் தாங்காமல் காவலர் இருவரும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. மூத்த காவலன் நான்காம் குவியலின் சொந்தக்காரரிடம் கடன்பட்டவன். உள்ளே பத்து நிமிடத்துக்கு மேல் இருப்பவர் உடல்வலுச் சோதனையில் தோற்றால் வாந்தியெடுப்பார், சத்தம் கேட்கும்.’

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஆட்டக்காரருக்கு ஒரு வழி திறக்கிறது. பழைய கதையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் மூன்று வரிக்குள் முடியுங்கள்.

விதியும் இதே மாதிரிதான். ஏலத்தை நான் இப்படி எழுதுவேன்: ஒரு குவியல் 10 காசு. ஒரு வாரம் அழுகிய பின் டி6 (ஆறுமுகப் பகடை) உருட்டவும். 1 முதல் 3 வரை ஒரு முத்து கூட இல்லை. 4, 5 என்றால் 15 காசு மதிப்புள்ள சிறு முத்துகள். 6 என்றால் 60 காசு முத்து ஒன்று; அன்று இரவே ஊருக்குச் செய்தி தெரிந்துவிடும். கடல்கட்டிக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்காதவரின் குளியாள் மறுநாள் இறங்கும்போது டி6 உருட்ட வேண்டும்; 1 வந்தால் சுறா. இவ்வளவுதான். ஐந்தாறு வரியில் பணம், வதந்தி, எதிரி மூன்றும் வந்துவிட்டன. டிராவலர் ஆடுபவர் என்றால் சிப்பிக் குவியலுக்குப் பதில் பூட்டிய சரக்குப் பெட்டி என்று மாற்றிக்கொள்ளலாம்.

எண்களைச் சரிபார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் செய்யுங்கள். மேலே சொன்ன ஏலத்தில் சராசரி வரவு 15 காசு: இரண்டு முகத்துக்குப் பதினைந்து பதினைந்து, ஒரு முகத்துக்கு அறுபது, கூட்டினால் தொண்ணூறு, ஆறால் வகுங்கள். குவியல் 10 காசுக்குக் கிடைத்தால், கையில் பணமுள்ள ஆட்டக்காரர் வாங்கிக்கொண்டே இருப்பார். அதனால் வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு குவியல் என்று கட்டுப்பாடு வேண்டும், இல்லை ஏலத்தில் விலை ஏற வேண்டும். கூர்மையான ஆசிரியர் முதலில் பிடிப்பது இந்த ஓட்டையைத்தான்.

படி 5: வேறொருவர் ஆட்டி வைக்கட்டும்

நீங்களே கேம் மாஸ்டராக இருந்து ஆடிப் பார்ப்பது சோதனையில் பாதிதான். தாளில் இல்லாததை உங்கள் தலை நிரப்பிவிடும். எழுதியதை ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ இருக்கும் இன்னொரு குழுவின் கேம் மாஸ்டரிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்காருங்கள். அவர் எங்கே தாளைப் புரட்டித் தேடுகிறார், எதை மறந்துவிடுகிறார், எந்த இடத்தில் ஆட்டக்காரர்கள் ‘இப்போ என்ன பண்றது?’ என்று முழிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியது எல்லாம் அந்தக் குறிப்பிலேயே இருக்கும். ஆடியவர்களின் பெயரை, அவர்கள் சம்மதித்தால், படைப்பின் கடைசியில் நன்றியோடு போடுங்கள்.

படி 6: யாருடைய விதி, யாருடைய சொல்

ஆட்டத்தின் செயல்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை விளக்கி எழுதிய சொற்களுக்கு உண்டு. ‘ஆறுமுகப் பகடையில் ஒன்று வந்தால் சுறா’ என்பதை யாரும் பூட்டி வைக்க முடியாது. விதிப் புத்தகத்தின் பத்தியை அப்படியே எடுத்துப் போடுவதுதான் தப்பு.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை 4.0 உரிமத்தில் வந்தது. அதிலுள்ள அரக்கர், மந்திரம் எதையும் எடுத்தாளலாம். தொகுப்பின் தொடக்கத்தில் தந்திருக்கும் நன்றி வாசகத்தை உங்கள் படைப்பில் சேர்ப்பதுதான் நிபந்தனை. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்றவற்றின் அரக்கர் குறிப்புகள் அதில் கிடையாது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற உலகங்களும் கிடையாது. அவற்றை வைத்து எழுத டிஎம்ஸ் கில்டு என்ற விற்பனைத் தளம் இருக்கிறது. விலையில் பாதி எழுதியவருக்கு வரும். ஆனால் அங்கே போட்டதை வேறு இடத்தில் வெளியிட முடியாது. ஆகவே இதழுக்கு நினைத்திருப்பதை அங்கே ஏற்றிவிடாதீர்கள். கெய்ர்ன் போன்ற சிறு ஆட்டங்கள் சிசி-பை-எஸ்ஏ உரிமத்தில் இருக்கின்றன. அவற்றின் வாசகத்தை எடுத்தாண்டு எழுதினால் உங்கள் படைப்பும் அதே உரிமத்தில்தான் வரவேண்டும்.

படி 7: மொழி, வரைபடம், கோப்பு

இதழ் ஆங்கிலத்தில் வருவது என்றால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அலங்காரம் வேண்டாம், குட்டி வாக்கியங்களே இந்த வேலைக்குப் பொருத்தம். வள்ளம், பார், வாடை போன்ற நம் சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வரும்போது அரை வரி விளக்கம் போதும். ஒரு பக்கத்துக்கு நாலைந்துக்கு மேல் போனால் வாசகர் திணறுவார்.

வரைபடம் பென்சிலில் இருந்தால் போதும். வடக்கு எது, ஒரு கட்டம் எத்தனை அடி, அறை எண் என்ன என்பது தெளிவாக இருக்கட்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். இதழின் ஓவியர் திருப்பி வரைவார். நெட்டில் கிடைத்த படத்தைச் சேர்க்கவே வேண்டாம். எழுத்துக் கோப்பில் பத்தி பிரித்து, தலைப்புப் போட்டு, அட்டவணையைச் சாதாரணமாக விட்டுவிடுங்கள். பக்க வடிவமைப்பு அவர்கள் வேலை.

படி 8: அனுப்புவது

மின்னஞ்சல் ஐந்து வரி இருக்கட்டும். படைப்பின் பெயர், எந்த ஆட்டம், எத்தனை சொல், ஒரு வரியில் விஷயம், ஆடிப் பார்த்ததா, முன்பு எங்காவது வந்ததா. விஷயத்தைச் சொல்லும் வரி இப்படி: ‘திறக்காத சிப்பிக் குவியல்களை ஏலம் எடுக்கும் கரையில், பகலில் மட்டும் சுறாவைக் கட்டும் மந்திரக்காரி கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறாள்.’ உங்களைப் பற்றி இரண்டு வரி. மன்னார் வளைகுடாக் கரையில் வசிப்பவர் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது உங்கள் பலம்.

சில இதழ்கள் முதலில் கரு மட்டும் கேட்கும், சில முழுப் படைப்பையும் கேட்கும். கேட்டதை மட்டும் அனுப்புங்கள். ஒரே படைப்பை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். விதிமுறையில் சொன்ன காலம் கடந்தும் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். ரசிகர் இதழை நடத்துகிறவர் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

படி 9: ஏற்றுக்கொண்ட பிறகு

ஆசிரியர் வெட்டுவார். எண்ணை மாற்றுவார், தலைப்பை மாற்றுவார். அதற்கெல்லாம் சண்டை வேண்டாம். கரையைப் பற்றிய விவரம் தப்பானால் மட்டும் விடாதீர்கள். ஓவியர் பனைமரத்துக்குப் பதில் தென்னையை வரைவார், வள்ளத்தில் கடற்கொள்ளையர் கொடியை ஏற்றுவார், முத்துக்குளிப்பவர் தலையில் பாம்பாட்டித் தலைப்பாகை வைப்பார். நிஜ வள்ளத்தின் படம் ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள். முதல் வெளியீட்டு உரிமை மட்டும் கேட்டால் நல்லது. பின்னால் நீங்களே தொகுப்பாகப் போடலாம், தமிழிலும் கொண்டுவரலாம். எல்லா உரிமையும் என்று கேட்டால், உங்கள் கடல்கட்டி இனி அவர்களுடையவள். பெரிய பணம் தந்தால் ஒழிய எனக்கு இது சம்மதமில்லை. 1999-இல் டிராகனின் முதல் 250 இதழ்களைக் குறுந்தகடாக வெளியிட்டபோது, மறுபதிப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று எழுத்தாளர்கள் தரப்பிலிருந்து தகராறு வந்தது. பழைய ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி அப்போதுதான் கணக்குக்கு வந்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். ஆனால் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள்.

பணம் வருவதாக இருந்தால் அமெரிக்க இதழ்கள் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைக் கேட்கும். அமெரிக்கக் குடிமகன் இல்லை என்று சொல்லும் படிவம்தான், பயப்பட ஒன்றுமில்லை. பான் எண்ணைக் கையில் வையுங்கள். பேபால் வழியாகவோ வங்கி வழியாகவோ வரும் வெளிநாட்டுப் பணத்துக்கு எந்த வகை வருமானம் என்று குறியீடு கேட்பார்கள். எழுத்துக்கான கட்டணம் என்று வங்கியில் சொன்னால் பொருத்தமான எண்ணைச் சொல்லிவிடுவார்கள். சொல்லுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் தருவார்கள். தொகை சின்னதாக இருந்தால் இடையில் பிடிக்கும் கட்டணம் கணிசமாகத் தின்றுவிடும். அதனால் இரண்டு மூன்று படைப்புக்குச் சேர்த்து அனுப்ப முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.